விலைவாசி இறங்குச்சாம்! கடைச் சிப்பந்தியின் பஞ்சப்படி எங்கே?

மாசம் பிறந்து பன்னிரண்டாம் தேதி ஆனால் டெல்லியில் இருந்து ஒரு கணக்கு வரும். போன மாத விலைவாசி ஏற்றம் இத்தனை சதவீதம் என்று. டி.வி.யில் ஓடும். பேப்பரில் வரும். மறுநாள் காலையில் கீழமாசி வீதி பலசரக்குக் கடையில் ஒரு வாய்த்தகராறு நடக்கும்.

"ஏண்ணே, விலைவாசி கொறஞ்சிருச்சுன்னு சொல்றாய்ங்க. நீங்க அதே ரேட்டைத்தானே போடுறீக?"

"யாரு சொன்னாய்ங்களோ, அவுககிட்டயே போய் வாங்கிக்கக்கா!"

இந்தத் தகராறில் அந்த அக்கா பொய் சொல்லவில்லை. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. டெல்லிக்காரர்களும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

வழிப்பறி, அடிதடி, குழாயடிச் சண்டை என்று எழுதித் திரியும் நிருபனுக்கு இந்தக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் பர்சைப் பறிகொடுத்தவர் போலீசுக்கு ஓடுகிறார். இந்த விலைவாசி மாதாமாதம் ஜேப்பில் கை வைக்கிறதே, அதற்கு எந்த ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பது?

100 ரூபாய் 113 ஆன கதை

முதலில் கணக்கைப் பார்ப்போம். கஷ்டமான கணக்கு இல்லை.

2023 ஜூலையில் விலைவாசி ஏற்றம் 7.44 சதவீதம். தக்காளி விலை மானத்தைத் தொட்டு, ரேஷன் கடையில் வைத்து கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்ற காலம் அது. 2024 ஜூலையில் ஏற்றம் சுமார் 3.6 சதவீதம். 2025 ஜூலையில் சுமார் 1.6 சதவீதம். "எட்டு ஆண்டுகளில் இல்லாத குறைவு" என்று தலைப்புப் போட்டார்கள்.

சரி. 2022 ஜூலையில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் அடுத்த ஜூலையில் 107 ரூபாய் 44 காசு. அதற்கு அடுத்த ஜூலையில் 111 ரூபாய்க்கு மேல். 2025 ஜூலையில், அதாவது எட்டாண்டு காணாத குறைவு வந்த அதே மாதத்தில், சுமார் 113 ரூபாய்!

குறைந்தது ஏற்றத்தின் வேகம்தான். விலை குறையவில்லை.

மாட்டுத்தாவணியில் கிளம்பிய பஸ் மேலூர் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்ததால் பஸ் மாட்டுத்தாவணிக்கே திரும்பி வந்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? விலைவாசிச் செய்தியில் மட்டும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம்.

2025 அக்டோபரில் இன்னும் வேடிக்கை. ஏற்றம் வெறும் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துப் போட்ட கணக்கில் அதுவரை காணாத குறைவு. உணவுப் பொருள் விலை முந்தின ஆண்டை விட 5 சதவீதம் இறங்கியே விட்டது.

ஏன்? செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி.யைக் குறைத்தார்கள், சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கெல்லாம் வரி 18-ல் இருந்து 5 ஆனது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதற்கு முந்தின 2024 அக்டோபரில் காய்கறி விலை ஓராண்டில் 42 சதவீதம் ஏறிக் கிடந்தது. அவ்வளவு உயரத்தோடு ஒப்பிட்டால் எதுவும் இறக்கமாகத்தான் தெரியும்.

தக்காளி கிலோ 20-ல் இருந்து 60-க்குப் போய், பிறகு 45-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "25 சதவீதம் வீழ்ச்சி!" என்று சொன்னால் அது நிஜம். 20-க்கு வாங்கியவர் இப்போது இரட்டிப்புக்கு மேல் கொடுக்கிறார் என்று சொன்னால் அதுவும் நிஜம்.

ஜெயித்தாலும் ஏறும்

"அரசாங்கம் விலைவாசியைக் கட்டுப்படுத்த வேண்டும்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். 1974-ல் விலைவாசி ஏற்றம் 25 சதவீதத்தைத் தாண்டி ஓடியதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் மதுரையில் இருக்கிறார்கள். இன்றைக்கு அந்த அளவுக்கு இல்லை. உண்மை.

2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி ஒரு இலக்கு கொண்டு வந்தார்கள். ஏற்றம் 4 சதவீதத்தில் நிற்க வேண்டும். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். கவனியுங்கள். இலக்கு பூஜ்யம் இல்லை, 4! ரிசர்வ் வங்கி நூற்றுக்கு நூறு ஜெயித்தாலும் விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறும். அந்தக் கணக்கில் 100 ரூபாய்ச் சாமான் பதினெட்டே ஆண்டில் 200 ரூபாய்.

ஆகவே "விலை இறங்குமா?" என்று வாய் பார்த்து நிற்பதில் பிரயோஜனம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. விலை ஏறும்போது கூடவே ஏறும் சம்பளம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை?

பஞ்சப்படி யாருக்கு?

அரசு ஊழியருக்கு இருக்கிறது. அகவிலைப்படி. மதுரை மில் தொழிலாளி வீடுகளில் சொல்லிப் பழகிய பெயர் பஞ்சப்படி. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்குப் பார்த்துக் கூட்டுகிறார்கள். 2025 ஜூலை 1 முதல் அடிப்படைச் சம்பளத்தில் 58 சதவீதம். தவறே இல்லை. அது அவர்கள் போராடி வாங்கிய உரிமை.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் இருபது வருஷமாகத் துணி விரித்துப் போடும் ஒரு சிப்பந்தியிடம் இதைப் பற்றிப் பேசினேன்.

"அண்ணே, உங்களுக்குப் பஞ்சப்படி எவ்வளவு?"

சிரித்துவிட்டார். "பஞ்சப்படியா? அதெல்லாம் மில்லுக்காரவுகளுக்கும் கவர்மெண்டுக்காரவுகளுக்கும்தானே தம்பி. நமக்குத் தீபாவளிக்கு முதலாளி பார்த்துக் குடுக்குறதுதான்."

அவர் நினைப்பது தப்பு. அவருக்கும் உண்டு!

தமிழ்நாடு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த தொழில்களில் கடைகள், வணிக நிறுவனங்களும் அடக்கம். அந்த ஆணைகளில் அடிப்படைக் கூலி ஒன்று. அதற்கு மேல் பஞ்சப்படி ஒன்று. ஜனவரியில் இருந்து டிசம்பர் வரை பன்னிரண்டு மாத விலைவாசிப் புள்ளியின் சராசரி எடுத்து, ஏறிய ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு ரூபாய் என்று ஏப்ரல் 1-ந் தேதி தோறும் கூட்ட வேண்டும்.

வருஷா வருஷம் ஏப்ரல் 1 வருகிறது. முட்டாள்கள் தினம் என்று சிரிக்கிறோம். நமக்குச் சேர வேண்டிய பணம் ஏறுகிற நாள் என்று எத்தனை சிப்பந்திக்குத் தெரியும்?

சென்னைப் புள்ளி, மதுரை வயிறு

இதில் இன்னொரு கூத்து. அந்த ஆணைகளில் பஞ்சப்படிக்கு அளவுகோல் எந்த ஊர் விலைவாசி தெரியுமா? சென்னை மாநகர் விலைவாசிப் புள்ளி! மதுரைக் கடையில் வேலை பார்ப்பவருக்கும் சென்னைக் கணக்குத்தான்.

மதுரைக்குக் கணக்கு இல்லையா? இருக்கிறது. மத்திய தொழிலாளர் துறையின் கீழ் லேபர் பீரோ என்று ஒரு அமைப்பு. தொழிலாளர்களுக்கான விலைவாசிப் புள்ளியை மாதாமாதம் அதுதான் வெளியிடுகிறது. 2016-ஐ அடிப்படையாக வைத்து நாடு முழுக்க 88 ஊர்களில் விலை சேகரிக்கிறார்கள். அந்த 88-ல் மதுரையும் ஒன்று. நம் ஊர்க் கடைத்தெருவில் விலை கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். மதுரைக்கென்று தனிப் புள்ளி வருகிறது. ஆனால் மதுரைக் கடைச் சிப்பந்தியின் கூலியை அது தொடுவதில்லை!

சென்னையை விட மதுரையில் விலைவாசி அதிகம் என்று வாதாட வரவில்லை. சில காலம் கூடும், சில காலம் குறையும். பரவை மார்க்கெட்டில் சரக்கு குவிந்தால் ஒரு விலை; மழை பெய்து ஒட்டன்சத்திரத்து லாரி வராவிட்டால் ஒரு விலை. ஏறினாலும் மதுரை, இறங்கினாலும் மதுரை. நம் வயிற்றுக்கு நம் ஊர்ப் படியால் அளந்தால் என்ன?

இன்னும் ஒன்று. லேபர் பீரோவின் இந்தப் புள்ளி ஏழு வகைத் தொழிலாளர் குடும்பங்களின் செலவை வைத்துப் போடுவது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், ரயில்வே, மோட்டார் போக்குவரத்து, துறைமுகம், மின்சாரம். இந்த ஏழில் கடைச் சிப்பந்தி இல்லை. அவர் வீட்டு வாடகை, பிள்ளை பீஸ், பஸ் சார்ஜ் எதுவும் அந்தக் கணக்கில் தனியாக ஏறவில்லை.

மாதக் கடைசி வட்டி

சம்பளம் பின்னால் நிற்கிறது. விலை முன்னால் போகிறது. நடுவில் விழும் பள்ளத்தை எதை வைத்து நிரப்புகிறார்கள்?

ரேஷன் கொஞ்சம் தாங்குகிறது. 2011 ஜூனில் இருந்து அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் மலிவு. அது இல்லாவிட்டால் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் ரேஷன் கடையில் வீட்டு வாடகை கொடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவு கொடுக்க மாட்டார்கள்.

அதற்குத்தான் வட்டிக்காரர் இருக்கிறார். 2025 டிசம்பரில் ரிசர்வ் வங்கி தன் வட்டியை 5.25 சதவீதமாகக் குறைத்தது. நம் சிப்பந்தி வாங்கும் கடனுக்கு அது எட்டியும் பார்க்கவில்லை. அவருக்கு வார வட்டி, மீட்டர் வட்டி. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் வாசலில் வந்து நிற்பவன் நிற்கிறான். பிறகு ஒருநாள் அது எங்கள் பக்கத்துக்குச் செய்தியாக வருகிறது. "கடன் தொல்லை" என்று இரண்டே வார்த்தையில் காரணம் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் பல வருஷமாக ஏறாத சம்பளம் இருப்பதை எழுதுவதில்லை.

முதலாளி சொல்வதும் கேட்போம்

கடை வைத்திருக்கும் வாசகர்கள் கோபப்பட வேண்டாம். ஒரு பலசரக்குக் கடை முதலாளி சொன்னார்: "வாடகை ஏறிருச்சு, கரண்ட் பில்லு ஏறிருச்சு. பெரிய கடைக்காரங்க ஆபர் போட்டு ஆளை இழுத்துர்றாங்க. எங்க போய்ப் பஞ்சப்படி குடுக்கிறது தம்பி?"

நியாயம்தான். சின்னக் கடைக்காரர் பாடும் திண்டாட்டம்தான். ஆனால் அவரிடம் ஒன்று கேட்கிறேன். மொத்த வியாபாரியிடம் "போன வருஷ ரேட்டுக்குக் குடு" என்று சொல்ல முடிகிறதா? கட்டிட ஓனரிடம் சொல்ல முடிகிறதா? முடியாது. சிப்பந்தியிடம் மட்டும் முடிகிறது. அவர் வாய் திறக்க மாட்டார் என்ற தைரியம்.

சிப்பந்தி கையில் கூடுதலாகப் போகும் ரூபாய் பேங்கில் தூங்காது. சாயங்காலமே உங்கள் கடைத்தெருவில்தான் இறங்கும். எண்ணெய்க்கும் துணிக்கும்தான் வரும்.

என்ன செய்ய வேண்டும்?

கடைச் சிப்பந்திகள் வேலை நேரத்தில் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நல்ல காரியம். உட்கார இடம் கொடுத்த அரசாங்கம் வயிற்றையும் பார்க்க வேண்டும்.

2025 நவம்பர் 21-ல் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. கூலி விகிதத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும், சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கூலி ஆணைகளைத் திருத்த இதுதான் நேரம்.

கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: மதுரைத் தொழிலாளியின் பஞ்சப்படிக்கு மதுரைப் புள்ளியை வையுங்கள்.

இரண்டு: ஏப்ரல் 1 தோறும் புதுப் பஞ்சப்படி எவ்வளவு என்று தமிழில், பெரிய எழுத்தில், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். கடைத்தெருவில் எடைக்கல்லைச் சோதிக்க வரும் தொழிலாளர் துறைக்காரர்கள் அந்த அட்டையையும் பார்க்கட்டும்.

மூன்று: சம்பளச் சீட்டு. எழுத்தில் இல்லாத சம்பளத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

சிப்பந்தி அண்ணன்களே, அக்காக்களே! அடுத்த பன்னிரண்டாம் தேதி விலைவாசி இறங்கியது என்று செய்தி வந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஏப்ரல் 1-ந் தேதி முதலாளியிடம் தன்மையாக ஒரு வார்த்தை கேளுங்கள்: "இந்த வருஷம் பஞ்சப்படி எவ்வளவுண்ணே?"

ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். கீழமாசி வீதியில் இருந்து தெற்குவாசல் வரை அத்தனை பேரும் கேட்டால்?

தொழிலாளர் துறை காது கொடுக்குமா?