தோப்பைக் காடென்று எழுதுதல்

கொடைக்கானலைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக்கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. நட்சத்திர வடிவ ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, பிறகு 'பைன் காடு'. அந்தக் கடைசி இடத்துக்கு வந்ததும் கட்டுரையாளரின் நடை மாறிவிடும். மௌனம், தனிமை, பிரபஞ்சம் என்று வரிசையாக வந்து இறங்கும். வேன்கள் நிற்கும் சாலையிலிருந்து சில அடிகள் இறங்கினால் போதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புக் காலோடு நடக்கலாம். புதர் இல்லை, வழி தவறும் அச்சமும் இல்லை. எளிய நடைக்கு உகந்த இடம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. என் சண்டை 'காடு' என்ற சொல்லோடு.

அது தோப்பு. மெக்ஸிகோவைத் தாயகமாகக் கொண்ட ஒரு பைன் இனத்தை வரிசை பிடித்து நட்டு வளர்த்த தோப்பு. தென்னந்தோப்புக்குள் போய்வந்துவிட்டு, காட்டுக்குள் நடந்தேன் என்று எழுதும் துணிச்சல் பொள்ளாச்சிக்காரர் எவருக்கும் வராது. மலையேறியதும் மட்டும் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

சினிமாவிலிருந்து என்பது என் எண்ணம். ஓங்கி வளர்ந்த அடிமரங்கள், நடுவே விழும் வெளிச்சக் கீற்று, நாயகி ஓடுவதற்குத் தோதாகச் சுத்தமான தரை. இந்தப் பிம்பத்தைத் திரையில் பார்த்துப் பார்த்து நம் மனத்தில் காடு என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. 'டெவில்ஸ் கிச்சன்' என்று அழைக்கப்பட்ட பாறைப் பிளவுகளுக்கு 1991-ல் வந்த ஒரு படம் 'குணா குகை' என்று பெயர் சூட்டிவிட்டது. 2024-ல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அங்கே புதிதாகக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. சினிமா பெயர் வைத்தால் நாம் ஏற்றுக்கொள்கிறோம். போகட்டும், குகைக்குப் பெயர் மாறினால் குகைக்கு நஷ்டமில்லை. காட்டுக்கு அப்படியல்ல.

பழனி மலையின் மேற்பரப்புக்கே உரிய நிலக்காட்சி வேறு. விரிந்து கிடக்கும் புல்வெளி. அதன் மடிப்புகளில், நீர் கசியும் பள்ளங்களில் மட்டும் செறிந்து நிற்கும் சோலை. சோலை மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் போர்த்தி, கிளையோடு கிளை பின்னிக் கூரையாக நிற்கும். உள்ளே நடப்பது சிரமம். புகைப்படத்துக்கும் எடுப்பாக இராது. ஆனால் பெய்யும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவது இந்தப் புல்வெளியும் சோலையும் சேர்ந்த அமைப்புதான். வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் போய்ச் சேரும் ஓடைகள் பல இம்மலையில் பிறப்பவை.

இதில் நம் மொழிக்கு ஏற்பட்ட தலைகுனிவு ஒன்று உண்டு. இத்தகைய காட்டுக்கு உலக அறிவியல் வழங்கும் பெயரே தமிழ்தான். 'ஷோலா' என்பது நம் சோலை. பழனி மலையில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி சேகரித்து, 1868-ல் அறிவியலுக்கு அறிமுகமான சிறு நீலப்பறவை ஒன்று இருக்கிறது. 2017-ல் அதை உள்ளடக்கிய புதிய பேரினத்துக்கு 'ஷோலிகோலா', சோலையில் வாழ்வது, என்று பெயரிட்டார்கள். லத்தீன் பெயருக்குள் தமிழ்ச்சொல் நுழைந்துவிட்டது. தமிழ் எழுத்தாளரோ சோலையைக் கடந்து காரில் போய், மெக்ஸிகோ மரத்தடியில் நின்று 'ஆதி வனம்' என்று உருகுகிறார். இவர்தான் மேடை கிடைத்தால் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைச் சொன்னார் என்று முழங்குபவரும்.

(கானல் என்ற சொல்லின் கதியும் யோசிக்கத்தக்கது. சிலப்பதிகாரத்தில் கானல்வரி புகாரின் கடற்கரையில் பாடப்படுவது. அங்கே கானல் என்பது கடலோரச் சோலை. அதே சொல் ஏழாயிரம் அடி உயரத்தில் கொடைக்கானல், வட்டக்கானல் என்று ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சொல் நின்றுவிட்டது, சோலைதான் தேய்ந்துகொண்டிருக்கிறது.)

சொல்லைப் பிழையாகப் புழங்குவதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இம்மலையின் சரித்திரமே பதில். மரம் இல்லாத இடம் வீண் நிலம் என்று வெள்ளைக்கார நிர்வாகம் நம்பியது. சுதந்திரத்துக்குப் பின் வந்த நிர்வாகமும் அதே நம்பிக்கையை இன்னும் முனைப்பாகக் கடைப்பிடித்தது. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், கூழுக்காக யூகலிப்டஸ், பிறகு பைன் என்று புல்வெளிகளின் மேல் நட்டார்கள். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, 2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. முதன்மைக் காரணங்கள் மரத்தோட்டங்களும் விவசாயமும் என்கிறது அது. நிலத்தைப் பறிகொடுத்தோம் என்ற உணர்வே நம்மில் பலருக்கு இல்லை, ஏனெனில் பறித்ததன் பெயர் 'காடு வளர்ப்பு'.

எளிதில் நடக்க முடியாத காடு எவருடைய கண்ணிலும் படுவதில்லை என்பதற்குப் பாம்பாறு சோலை சாட்சி. நகரின் காலடியில் இருப்பது அது. அதன் விளிம்பிலேயே ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இயங்கியது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். சோலை வழியே இறங்கும் பாம்பாறுதான் பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது. அங்கே குளித்துவிட்டு வந்து எழுதப்பட்ட கட்டுரைகளில் எத்தனை, மேலே அந்த நீர் கடந்துவரும் சோலையின் பெயரைச் சொல்கின்றன?

அப்படியானால் பைன் மரங்களை எல்லாம் வெட்டிவிடலாமா என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதுவும் அவசரம். பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதை இம்மலையின் பாதுகாவலர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். ஒரேயடியாக வெட்டினால் அக்கன்றுகளும் போகும். வாட்டில் நின்ற இடமானால், மண்ணில் உறங்கும் அதன் விதைகள் முன்னைவிட அடர்த்தியாகக் கிளம்பும். எங்கே சோலையை வரவிடுவது, எங்கே புல்லை மீட்பது என்று இடத்துக்கு இடம் முடிவெடுக்க வேண்டிய வேலை அது.

முதியவர்களும் குழந்தைகளும் மரங்களுக்கிடையே நடக்க ஓர் இடம் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. வேண்டும். பைன் தோப்பு அதற்கே இருக்கட்டும். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 4000, வார இறுதியில் 6000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். அத்தனை கூட்டத்தையும் சோலைக்குள் அனுப்பச் சொல்வது மடமை. நான் கேட்பது, அந்தத் தோப்பின் வாசலில் தமிழில் ஒரு பலகை. இது நடப்பட்டது, இங்கே முன்பு புல்வெளி இருந்தது என்று இரண்டு வரி. வனத்துறை அதை வைக்கும்வரை காத்திராமல், எழுதுகிறவர்கள் தங்கள் கட்டுரையில் அந்த இரண்டு வரியை எழுதலாம். அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை.

2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி 2030-ல் மீண்டும் பூக்க வேண்டும். கட்டுரைகளும் கவிதைகளும் அப்போது குவியும். குறிஞ்சி புல்வெளிச் சரிவுகளின் செடி. வெயில் வேண்டும் அதற்கு. பைன் மரத்தடியில் வளராது.