வடக்கு ஜன்னலும் தருமபுரி வெயிலும்

தருமபுரி நகரில் கடைகளெல்லாம் அடைத்து, சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் லாரிகளின் இரைச்சல் மட்டும் தூரத்து நெடுஞ்சாலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மார்கழி மாதத்து இரவு பத்தரை மணிக்கு, அமெரிக்க தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரில் காலை ஒன்பது மணி ஆகிறது. அந்த ஒன்பது மணியை எதிர்பார்த்து, பாயில் சம்மணமிட்டு, கைப்பேசியை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, காதில் இயர்போனும் மடியில் நோட்டுப் புத்தகமுமாக விழித்திருந்த ஓர் இளைஞரை நான் அறிவேன். பகலில் அவருக்குச் சரக்குக் கணக்கு எழுதும் உத்தியோகம். இரவில் புகைப்படக் கலை அப்பியாசம். பாடம் முடியும்போது இங்கே பொழுது புலரத் தொடங்கிவிடும். மூன்று இரவுகள் தொடர்ந்து அப்படி உட்கார்ந்து அவர் எழுதிய குறிப்புகளை ஒரு நாள் என்னிடம் காட்டினார். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக, அம்புக்குறிகளும் சிறு சித்திரங்களுமாக நிறைந்திருந்த அந்தப் பக்கங்களில் இருந்த சிரத்தையைக் கண்டபிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

சியாட்டிலில் 2010-ஆம் ஆண்டு சேஸ் ஜார்விஸ் என்னும் புகைப்படக் கலைஞரும் கிரெய்க் ஸ்வான்சன் என்பவரும் சேர்ந்து தொடங்கிய கிரியேட்டிவ்லைவ் என்னும் ஸ்தாபனம், இப்படி இணையத்தில் நேரலையாகப் பாடம் நடத்தும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. வகுப்பு நேரலையில் நடக்கும்போது யார் வேண்டுமானாலும் காசின்றிப் பார்க்கலாம். பிறகு சாவகாசமாகப் பார்க்க விரும்பினால் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதே அதன் ஏற்பாடாக இருந்தது. ஜான் கிரீங்கோ போன்ற ஆசிரியர்கள் அடிப்படைப் பாடங்களைப் பொறுமையாக விளக்க, எங்கிருந்தோ எழுதி அனுப்பப்படும் சந்தேகங்களை அரங்கிலிருப்பவர் வாசித்துச் சொல்ல, ஆசிரியர் அப்போதே பதில் கூறுவார். 2021-இல் அந்த ஸ்தாபனம் ஃபைவர் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. ஆனால் அந்த முறை நிலைத்துவிட்டது; இப்போது தமிழிலேயே பலர் நேரலையில் பாடம் சொல்கிறார்கள்.

இதை நான் ஒரு பெரிய நன்மை என்றே கருதுகிறேன். இக்கலை நம் நாட்டில் எந்தெந்த வாசல்கள் வழியாக நுழைந்தது என்பதை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்த நன்மையின் அளவு விளங்கும். பாரிஸில் 1839-இல் தாகேரின் புகைப்பட முறை பிரசித்தம் செய்யப்பட்டு இருபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே சென்னையில் புகைப்படச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற கேப்டன் லின்னேயஸ் டிரைப், மெழுகு பூசிய காகித நெகடிவ்களைக் கொண்டு மதுரையையும் தஞ்சையையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தபோது, அன்றைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ராயக்கோட்டைக்கும் வந்து படமெடுத்தார். 1858-இல் வெளியான அவருடைய தொகுதிகளில் ஒன்று ராயக்கோட்டையின் பெயரையே தாங்கியிருக்கிறது. பிற்காலத்தில் தருமபுரி ஜில்லாவில் இருந்து, 2004-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவோடு பிரிந்து சென்ற ஊர் அது. ஆக, பாராமகால் என்று வழங்கிவந்த இந்தப் பூமி காமிராவின் முன் நின்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. காமிராவின் பின்னால் நிற்கும் பாக்கியந்தான் இந்த மண்ணின் மக்களுக்கு வெகு தாமதமாக வாய்த்தது.

அதுவும் ஸ்டூடியோ வாசல் வழியாகத்தான் வாய்த்தது. ஒரு பையன் ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் சேர்ந்து, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் லைட் பிடித்து, வயர் சுருட்டி, பெட்டி தூக்கி, இரண்டு மூன்று வருஷங்கள் கழிந்தபின், சாப்பாட்டுப் பந்தியைப் படமெடுக்க முதல்முதலாகக் காமிராவைக் கையில் வாங்குவான். நல்ல பயிற்சிதான் அது. வெளிச்சத்தைக் கையில் பிடித்துப் பிடித்தே வெளிச்சத்தை அறிந்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாசலில் யாரேனும் தெரிந்தவர் கூட்டிப்போய் நிறுத்தினால்தான் இடம் கிடைக்கும். பெண்பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் இடமே கிடைத்ததில்லை. பென்னாகரத்திலோ சித்தேரி மலையிலோ இருக்கும் ஒரு பெண், எவருடைய சிபாரிசும் இல்லாமல், எவருக்கும் பெட்டி தூக்காமல், உலகத்தின் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் ஷட்டர் வேகத்துக்கும் லென்ஸ் துவாரத்துக்கும் உள்ள உறவை விளக்குவதைத் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கலாம் என்பது சாமானியமான மாறுதல் அன்று.

நேரலைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சேமித்து வைத்த பாடத்தைப் பெரும்பாலோர் எப்போதுமே பார்ப்பதில்லை. இன்ன நாள், இன்ன நேரம், தவறினால் போயிற்று என்று இருக்கும் பாடத்துக்குத்தான் மனம் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, என் உள்ளத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சியாட்டில் ஆசிரியர் சொல்லித் தரும் வெளிச்சம் அவருடைய ஊர் வெளிச்சம். சியாட்டில் ஏறத்தாழ 48-ஆம் பாகையில் இருக்கிறது. தருமபுரி 12-ஆம் பாகையில் இருக்கிறது. மார்கழியின் பெரும்பகுதியில் அங்கே நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தைக்கூட எட்டுவதில்லை. நாள் முழுவதும் சாய்ந்த வெயில். இங்கேயோ அதே மார்கழி நடுப்பகலில் 54 பாகைக்கு ஏறிவிடுகிறது. சித்திரை இரண்டாம் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நின்று, நம்முடைய நிழலை நம் காலடியிலேயே ஒடுக்கிவிடும். அந்த வெயிலில் எடுத்த முகத்தில் கண்கள் இரண்டு குழிகளாகத் தெரியும். படமெடுக்க உகந்தது மாலைப் பொன்வெயில் என்று பாடத்தில் கேட்டுவிட்டு, ஒரு மணி நேர அவகாசம் இருக்கிறது என்று நம்பி வத்தல்மலைக்கு ஏறுகிறவர் ஏமாந்து போவார். இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குகிறது, அந்த வெயில் முக்கால் மணி நேரம்கூட நில்லாது, மேற்கே குன்று இருந்தால் அதுவும் இல்லை.

முகத்தைப் படமெடுக்க வடக்கு நோக்கிய ஜன்னலே உத்தமம் என்பது சித்திரக்காரர்கள் காலத்திலிருந்து ஐரோப்பாவில் வழங்கிவரும் விதி. அங்கே நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்பதால் வடக்கு ஜன்னலில் மென்மையான, மாறாத ஒளி வருகிறது. நம் இளைஞர் இந்த விதியை நோட்டில் எழுதி, இரண்டு கோடுகளும் கிழித்து வைத்திருந்தார். ஆனால் சித்திரை பிற்பகுதியிலிருந்து ஆவணித் தொடக்கம்வரை நம் ஊரில் நடுப்பகல் சூரியன் வடக்கே அல்லவா நிற்கிறது? அந்த நான்கு மாதங்களுக்கு நமக்கு மென்மையான ஒளி தருவது தெற்கு ஜன்னல். இதை நான் சொன்னபோது அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, போன வைகாசியில் எடுத்த தம் பாட்டியின் படம் ஏன் கெட்டது என்பது இப்போதுதான் விளங்குகிறது என்றார்.

முகத்தின் நிறமும் இவ்வாறே. கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து பல ஆண்டுகள், வண்ணப் படங்களின் நிறம் சரியாக வருகிறதா என்று சோதிக்க லேபுகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளுடைய சருமம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அக்காலத்தில் கொண்டார்கள். அந்த அளவுகோல் இன்று மாறியிருந்தாலும், கடல் கடந்து வரும் பாடங்களில் மாதிரியாக அமர்பவர்களின் நிறம் இன்னும் பெரும்பாலும் அந்த நிறமே. வெயிலில் கேழ்வரகு அறுக்கும் பெண்ணின் கறுத்த முகத்துக்கும் அவள் தலையிலிருக்கும் வெள்ளைத் துண்டுக்கும் ஒரே படத்தில் நியாயம் செய்வது எப்படி என்பதை நம் வயலோரத்தில்தான் கற்க வேண்டும். புளிய மரத்தடிக்கு அவளை அழைத்து வந்து, எதிரே ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் அந்த முகம் எப்படி மலர்கிறது என்பதை நம் ஸ்டூடியோக்காரர் எவரும் சொல்வார்.

விதி பொதுவானதாகவும் பிரயோகம் நம்முடையதாகவும் இருக்கும் இடங்கள் எத்தனையோ. காமிராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக் கணக்கிடுகிறது. இதைப் பனியை உதாரணம் காட்டி அங்கே விளக்குகிறார்கள். பனியைக் காணாத நமக்குத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. அங்கே குவிந்திருக்கும் வெண்மையான கூடுகளைக் காமிராவின் போக்கில் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். ஒளியளவை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுத்தால்தான் வெண்மை வெண்மையாகும். ஒகேனக்கல்லின் கரும்பாறைகளில் கணக்கு நேர்மாறாகிவிடும்: பாறையை நம்பினால் நீர் வெளிறிப் போகும், நீரை நம்பினால் பாறை இருண்டு போகும். பரிசலிலிருந்து ஆயிரத்தில் ஒரு விநாடி ஷட்டரில் எடுத்தால் நீர்த்துளிகள் முத்துகளாக நிற்கும். கரையில் முக்காலி வைத்து அரை விநாடி திறந்தால் அதே நீர் பட்டுநூலாக இழையும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த பாடசாலை நம் நடுகற்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் காப்பாற்றி வைத்திருப்பவையும், ஊர்ப்புறங்களிலும் வரப்புகளிலும் இன்னும் நின்றுகொண்டிருப்பவையும் இந்த ஜில்லாவின் தனிச்செல்வம். ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் உருவமும், பல கற்களில் அவனைப் பற்றிய வட்டெழுத்தும் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கின்றன. உச்சிவெயிலில் போய் எடுத்தால் கல் மட்டும் வரும். காலையில் சூரியன் கல்லின் முகத்தை உராய்ந்தாற்போலப் பக்கவாட்டில் விழும் அந்தச் சில நிமிஷங்களில், தேய்ந்துபோன எழுத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு நிழல் தங்க, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வரிகள் கண்ணெதிரே எழுந்து நிற்கும். கல்வெட்டுப் படமெடுப்பவர்கள் கையாளும் உபாயம் இது. சூரியன் வராத முகமாக இருந்தால் ஒரு டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலே போதும். பக்கவாட்டு ஒளியைப் பற்றி நேரலையில் ஒரு மணி நேரம் கேட்டவர், ஒரு காலைப்பொழுது நடுகல்லின் முன் நின்றால் அந்தப் பாடம் அவருக்கு ஜன்மத்துக்கும் மறவாது.

நேரலை கொடுக்க முடியாத வேறொன்றும் உண்டு, அது திருத்தம். ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் வகுப்பில் ஆசிரியர் நம் படத்தை எடுத்துப் பார்த்து, இந்தக் கம்பத்தை ஏன் தலைக்குப் பின்னால் விட்டாய், இரண்டடி இடது பக்கம் நகர்ந்திருக்கக் கூடாதா என்று கேட்க மாட்டார். அந்த ஒரு கேள்வி இல்லாமல் பத்து வருஷம் பாடம் கேட்டாலும் கண் திருந்துவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் மு. பழனிகுமார், தூய்மைப் பணியாளர்கள், மீனவர்கள் முதலிய உழைக்கும் மக்களின் பிள்ளைகளை நேரில் திரட்டி, அவர்கள் கையில் காமிராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்ததை அவர்களோடு உட்கார்ந்து பார்த்துப் பயிற்சி அளித்துவருவதை நான் மிகுந்த மதிப்போடு கவனித்து வருகிறேன். அந்தப் பிள்ளைகள் எடுத்த படங்களில் அவர்களுடைய வீடும் தெருவும் பெற்றோரும், வெளியார் எவரும் எடுக்க முடியாதபடி, வந்திருக்கின்றன. நம் ஜில்லாவுக்கும் அத்தகைய படங்கள் வேண்டும். தருமபுரி என்றால் வெளியுலகம் அறிந்த படங்கள் இரண்டுதான்: ஒன்று ஒகேனக்கல் அருவி, மற்றொன்று வெடித்த வறண்ட நிலம். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியும், புளியங்கொட்டை தட்டும் பெண்களின் கைகளும், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளும் அந்தப் படங்களில் இல்லை. அவற்றை எடுக்க வேண்டியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். இரவில் தனித்தனியே விழித்து, தனித்தனியே கற்று, தனித்தனியே சோர்ந்து போகிறார்கள்.

அவர்களை ஒரு கூரையின் கீழ் உட்கார வைப்பதற்குப் புதிய கட்டிடமோ பெரும் பொருளோ வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி நாம் நடத்திவரும் பொது நூலகங்கள் ஜில்லாவெங்கும் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகத்தில் வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் ஒரு கூடத்தையும் ஒரு திரையையும் இணைய வசதியையும் ஒதுக்கினால், இருபது பேர் சேர்ந்து ஒரு பாடத்தைப் பார்க்கலாம். ஆங்கிலம் அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லலாம். காமிரா இல்லாதவர் கைப்பேசியோடு வரலாம். சென்ற வாரம் எடுத்த படங்களைத் திரையில் போட்டு அனுபவஸ்தர் ஒருவர் திருத்தலாம். அந்த அனுபவஸ்தர்கள் நம் ஸ்டூடியோக்காரர்களே. இலவசப் பாடம் தங்கள் பிழைப்பைக் கெடுத்துவிடுமோ என்று அவர்களில் சிலர் அஞ்சுவதை நான் அறிவேன். அந்த அச்சத்தைக் குற்றமென்று சொல்ல மாட்டேன்; ஆனால் அவர்களுடைய நாற்பது வருஷ வெளிச்ச அனுபவம் எந்த நேரலையிலும் இல்லை என்பதையும், அதைக் கேட்க ஓர் இளைஞர் கூட்டம் காத்திருக்கிறது என்பதையும் அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. ஸ்டூடியோக்காரர்களுக்கு ஓய்வுள்ள மாதம் அது. பதினெட்டாம் பெருக்கன்று ஒகேனக்கல்லில் ஜில்லாவே திரண்டு நீராடும். வருகிற ஆடியின் முதல் வாரத்திலேயே நூலகக் கதவு திறந்து, மூத்த புகைப்படக்காரர் ஒருவர் முன்வந்தால், இரண்டு வாரம் பாடம் கேட்ட அந்த இருபது பேரையும் பதினெட்டாம் நாள் விடியற்காலை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லலாம். நூலக அதிகாரிகளும் ஸ்டூடியோ உரிமையாளர்களும் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.