குடியானவன் களமும் சர்க்கார் கையும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பிரெஸ்னோ ஜில்லாவிலுள்ள கெர்மன் ஒரு சிற்றூர். அப்பக்கத்துக் குடியானவர்களில் அநேகருக்குப் பல தலைமுறைகளாக உலர்ந்த திராக்ஷையே ஜீவனம். ஆகஸ்டுக் கடைசியில் குலைகளை அறுத்துக் கொடிவரிசைகளின் நடுவே காகிதத்தின்மேல் பரப்பி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் உலர்த்துவர். நாலு ராத்தலுக்கு மேற்பட்ட பழம் ஒரு ராத்தலாகச் சுருங்கும். இடையில் மழை பெய்தால் வருஷத்து உழைப்பு மண்ணோடு மண்ணாகும். இவ்வூரில் எழுந்த ஒரு வழக்கு, விளைந்த பொருளில் சர்க்காருக்கு எதுவரை பாத்தியதை உண்டு என்னும் பெரிய கேள்வியைத் தீர்த்து வைத்தது.

அளவு மிஞ்சி விளைந்தால் விலை விழும். விலை விழுந்தால் முதலில் மடிபவன் சிறு குடியானவன். இதைத் தடுக்கவே 1937-ம் வருஷச் சட்டத்தின்கீழ் 1949-ல் ஓர் உத்தரவு பிறந்தது. பெரும்பாலும் அத்தொழிலினரையே கொண்ட கமிட்டி, வருஷந்தோறும் விளைச்சலில் ஒரு பங்கை ஒதுக்கும்படி அன்று விதிக்கலாம் என்றிருந்தது. ஒதுக்கியதைக் கமிட்டி வெளிநாட்டுக்கு விற்றது. பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கும் கொடுத்தது. செலவு போக மிஞ்சினால் குடியானவனுக்குப் பங்கு இருந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் 2002-03-ல் நூற்றுக்கு 47 பங்கும், மறு வருஷம் 30 பங்கும் கேட்கப்பட்டன. முதல் வருஷம் கிடைத்தது சாகுபடிச் செலவுக்கும் போதவில்லை. மறு வருஷம் ஒரு காசும் கிடைக்கவில்லை.

மிஸ்டர் மார்வின் ஹார்ன் கொடுக்க மறுத்தார். ஒரு நாள் காலை எட்டு மணிக்குச் சர்க்கார் லாரிகள் வந்தன; அவர் உள்ளே விடவில்லை. திராக்ஷையின் கிரயமாக ஏறக்குறைய 4,80,000 டாலரும், அதன்மேல் 2,00,000 டாலருக்கு அதிகமான அபராதமும் விதிக்கப்பட்டன. வழக்கு இரண்டு முறை உச்ச நியாயஸ்தலம் ஏறியது.

திராக்ஷைக்குப் பதில் வேறு பயிர் செய்யலாமே, பழத்தை ஒயினுக்கு விற்கலாமே என்பது சர்க்கார் தரப்பு வாதம். 2015 ஜூன் 22-ந் தேதி நியாயஸ்தலம் அதைத் தள்ளிற்று. நிலத்தைப் போலவே களத்துப் பொருளையும் தக்க ஈடின்றி எடுக்கலாகாது என்று எட்டு நீதிபதிகள் கண்டனர். ராஜாவின் அதிகாரிகள் தானியத்தை விலையின்றி எடுப்பதை 1215-ம் வருஷத்து மாக்னா கார்ட்டாவே தடுத்ததைப் பிரதம நீதிபதி ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டினார். விற்ற பணத்தில் குடியானவனுக்குப் பங்கு இருப்பதால் சொத்து முழுவதும் பறிபோனதாகாது என்று நீதிபதி ஸோடோமயோர் ஒருவரே மாறுபட்டார்.

பங்கு உண்டு என்று ஏட்டில் எழுதிக் கையில் ஒன்றும் கொடாவிட்டால் அது பங்காகுமா? பெரும்பான்மையோர் தீர்ப்பே தர்மமென்பது நம் கருத்து. பொது நன்மைக்காகச் சர்க்கார் பொருள் கேட்கலாம். கேட்டால் விலை கொடுக்க வேண்டும். பொது நன்மையின் பாரம் முழுவதையும் ஒரு வகுப்பாரின் முதுகில் ஏற்றுவது ஆட்சியன்று, பறிமுதல்.

ஆயினும் தீர்ப்பு மட்டும் களத்தை நிரப்பாது. துருக்கிச் சரக்கின் போட்டியும் கூலிச் செலவும் அழுத்த, அப்பிரதேசத்தில் பலர் கொடிகளைப் பிடுங்கி வாதுமை நட்டுவிட்டனர். பலாத்காரத்தால் காக்கப்பட்ட விலை நியாயமன்று; காப்பாரில்லாத குடியானவனின் சுதந்திரமோ நீடிப்பதன்று. மனமொத்த கூட்டுறவும், எடுத்த பொருளுக்கு உரிய விலையும் சேர்ந்தாலன்றி உழவனுக்கு உய்வில்லை. கெர்மன் களம் போதிக்கும் பாடம் இதுவே.