12 பேர் டீமும் 100 பேர் டீமும் ஒரே பட்டியலிலா? அமெரிக்க மாஸ்டர்ஸ் நீச்சலின் பழைய பஞ்சாயத்து

வயது 70. கையில் தங்கப் பதக்கம். ஆனால் டீம் பட்டியலில் அவருடைய கிளப் பெயரைக் கீழே போய்த் தேட வேண்டும். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

மாஸ்டர்ஸ் நீச்சல்னா என்ன?

பெரியவர்களுக்கான அமெச்சூர் போட்டி. 1970-ல் டெக்சாஸின் அமரில்லோவில் தொடங்கியது. இப்போது இதை நடத்தும் யூ.எஸ். மாஸ்டர்ஸ் ஸ்விம்மிங் அமைப்பில் 18 வயதைத் தாண்டிய யாரும் சேரலாம். தனிநபர் போட்டிகள் பெரும்பாலும் 5 வயது இடைவெளியில் பிரிக்கப்படுகின்றன. 70 வயதுக்காரர் 30 வயதுக்காரரோடு மோத வேண்டியதில்லை. இந்த அளவில் யாருக்கும் புகார் இல்லை.

அப்போ சிக்கல் எங்கே?

டீம் புள்ளிகளில். தேசியப் போட்டியில் ஒருவர் அதிகபட்சம் 6 தனிநபர் போட்டிகளில் இறங்கலாம். 12 பேர் போன கிளப்புக்கு 72 வாய்ப்பு. 100 பேர் போன கிளப்புக்கு 600. அந்த 12 பேரும் புலியாக இருந்தாலும் கணக்கு உதைக்கும். இதில் ரிலேவுக்குப் புள்ளி இரண்டு மடங்கு வேறு.

அந்த 100 பேர் எப்படிச் சேர்கிறார்கள் என்பதுதான் சண்டையே. ஒரே குளத்தில், ஒரே பயிற்சியாளரிடம் நீந்துபவர்கள் ஒரு கிளப். ஒரு மாநிலம் முழுக்க, பல ஊர்களில் தனித்தனியாகப் பயிற்சி எடுத்துவிட்டு ஒரே பெயரில் களமிறங்குபவர்களும் ஒரு கிளப். இரண்டாவது வகையை 'சூப்பர் டீம்' என்று கிண்டலடிப்பார்கள். இதற்காகவே தேசியப் போட்டியில் உள்ளூர் கிளப், பிராந்திய கிளப் என்று இரண்டு பட்டியல் வந்தது.

பிராந்திய கிளப் என்றாலே மோசடியா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ரிலேவுக்கு ஒரே கிளப்பைச் சேர்ந்த 4 பேர் வேண்டும். எந்த கிளப்பிலும் இல்லாதவர் ரிலே நீந்தவே முடியாது. சின்ன ஊர்க் குளத்தில் 68 வயதுப் பெண் ஒருவர் நீந்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வயதில் இன்னும் 3 பெண்களுக்கு எங்கே போவது?

வயசு வித்தியாசம் பார்க்காமல் இருப்பவர்களை வைத்து நீந்தலாமே என்றால், அங்கேயும் ஒரு விதி காலை வாருகிறது. மீட்டர் குளத்தில் 4 பேரின் வயதையும் கூட்டிப் பிரிவு முடிவாகும். 30, 66, 68, 71 என்றால் மொத்தம் 235, 200-239 பிரிவு. பரவாயில்லை. ஆனால் அமெரிக்காவில் அதிகம் நடக்கும் யார்டு குளப் போட்டிகளில் இளையவரின் வயதுதான் கணக்கு. அதே நால்வர் அங்கே '25 வயதுக்கு மேல்' பிரிவில், 20-களிலும் 30-களிலும் இருக்கும் நால்வரோடு மோத வேண்டும். பாட்டிகளுக்கு இது நியாயமே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களோடு சேர்ந்தால்தான் அவர்களுக்கு உருப்படியான ரிலே கிடைக்கும்.

எண்ணிக்கையை வைத்துப் பிரித்தால்?

சிறிய, நடுத்தர, பெரிய டீம் என்று பிரிப்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லைக்கோடு 20 பேர் என்று வைத்தால், 21-வதாக வர ஆசைப்படும் புது ஆளை கேப்டன் என்ன சொல்வார்? "இந்த வருஷம் வேண்டாமே" என்றுதான். எல்லோரையும் குளத்துக்கு இழுக்கத் தொடங்கிய விளையாட்டில் இது விபரீதம்.

இப்போதைய இரண்டு பட்டியல் முறையிலும் ஓட்டை உண்டு. பெருநகர கிளப் ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் இருந்தாலும் அது 'உள்ளூர்'தான். சிற்றூர் கிளப்போடு ஒரே பட்டியல். போட்டி நடக்கும் ஊர்க்காரர்களுக்கு விமானச் செலவு இல்லை என்பதால் அவர்கள் கூட்டமாக வந்து புள்ளிகளை அள்ளுவதும் சகஜம்.

டீம் கோப்பைக்கு நீந்துபவர்தான் எத்தனை பேர்ப்பது என்ற அளவுக்கு எண்ணிக்கை பேசினால், ஒரு நபருக்குச் சராசரியாக எத்தனை புள்ளி என்று மூன்றாவதாக ஒரு கணக்கையும் பக்கத்தில் போடலாம். அதற்குப் பரிசு தரக் கூடாது. தந்தால் மெதுவாக நீந்துபவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.