எழுதிக் கேட்போம்

நமது சங்கங்களில் வாய்மொழியாகக் கேட்ட கடன் வழங்கப்படுவதில்லை. மனு வேண்டும், தேதி வேண்டும், நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும். இவ்வொழுங்கை நன்கறிந்த அங்கத்தினர்கள், தம் மக்களின் கல்வி விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகின்றனர்.

சென்ற ஆண்டு ஈரோடு மாவட்டத்து நெசவாளர் சங்கமொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தோம். படுக்கை விரிப்பு நெய்யும் அங்கத்தினர் ஒருவர், தம் மகனை ஆறாம் வகுப்போடு நிறுத்தித் தறியில் அமர்த்தப் போவதாகக் கூறினார். "பையனுக்குப் படிப்பு வராதுங்க ஐயா, மந்தம்னு பள்ளிக்கூடத்திலேயே சொல்லிட்டாங்க" என்றார். பையன் அருகில் நின்றான். விரிப்பின் கோடுகளுக்கு எந்நிறத்தில் எத்தனை இழை என்று வினவினோம். தாளின் துணையின்றி வரிசையாகச் சொன்னான். கூட்டுத்தொகையும் சரியாக இருந்தது. சங்கத்தின் பெயர்ப் பலகையை வாசிக்கச் சொன்னபோதோ முதற் சொல்லிலேயே தடுமாறித் தலைகுனிந்தான். பலர் முன்னிலையில் அவனை வாசிக்கச் சொன்னது நமது பிழையென அப்போதே உணர்ந்தோம்.

எழுத்தைக் கூட்டி வாசிக்க இயலாமை வேறு, அறிவின்மை வேறு. கண்ணிலும் காதிலும் பழுதில்லாத, கூர்மையான குழந்தைகளுக்கும் இத்தடை இருப்பதுண்டு. டிஸ்லெக்சியா என்பது இவ்வகையைச் சேர்ந்ததே. அடியும் வசையும் இதனைப் போக்கா. தனிக் கவனமும் அதற்கேற்ற பயிற்சியுமே பயன் தரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அரசு நடத்தும் பள்ளிகளும், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளும் அதனை இயன்றவரை விரைவில் கண்டறிந்து தக்க முறையில் கற்பிக்க வேண்டுமென அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருவோரின் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. ஆகவே, பெற்றோர் கேட்பது சலுகையன்று. சட்டம் அளித்த உரிமையாகும்.

மேற்சொன்ன அங்கத்தினர் மும்முறை பள்ளிக்குச் சென்றவர். ஒவ்வொரு முறையும் "கவனிக்கிறோம்" என்ற விடையோடு திரும்பினார். எழுத்து மூலமாக ஏன் கேட்கவில்லை என்றோம். எழுதுவது தமக்கும் சிறு வயது முதலே வராது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சங்கக் காரியதரிசி அன்றே மனுவை எழுதினார். பையனுக்கு எது வருகிறது, எது வரவில்லை, எந்த வகுப்பிலிருந்து, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பவை மட்டுமே அதில் இருந்தன. எவர் மீதும் குறை இல்லை. தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியும் கையொப்பமும் பெற்றனர். சில வாரங்களில் சிறப்பாசிரியர் வந்தார். கண்பார்வை முதலில் பரிசோதிக்கப்பட்டது. பின்னர் மருத்துவ மதிப்பீட்டுக்கும் அனுப்பினர். பையன் இன்று ஏழாம் வகுப்பில் இருக்கிறான். வாசிப்பு இன்னும் மெதுவாகவே வருகிறது. ஆயினும் அவன் பள்ளியில் இருக்கிறான். மந்தமென்ற சொல் நின்றுவிட்டது.

ஆசிரியர்களைப் பகைத்துக்கொள்வதாகுமே என்று சில அன்பர்கள் அஞ்சலாம். நிறைந்த வகுப்பில் ஒரு குழந்தையைத் தனித்துக் கவனிப்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். மனு ஆசிரியருக்கு எதிரானதன்று. மேலிடத்தில் உதவி கோர அவருக்கு அதுவே ஆதாரமாகும்.

எழுதத் தயங்கும் அங்கத்தினருக்கு இத்தகைய மனுவை எழுதிக் கொடுப்பதைச் சங்கங்கள் தம் கடமையாக ஏற்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். செலவு ஒரு தாளும் அரை மணி நேரமுமே. கடன் மனுவுக்குக் காட்டும் கவனத்தைக் குழந்தையின் மனுவுக்கும் காட்டுவோமாக.