வாட்டம் யார் பக்கம்?

ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் நாளிதழ்களில் ஒரே வரி வருகிறது: ‘தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது.’ அந்தப் பகுதிகளின் பெயர்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆதிதிராவிடர் காலனி, அருந்ததியர் தெரு, அம்பேத்கர் நகர். தாழ்வு என்பது நிலத்தின் குணம், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று நாமும் கடந்துவிடுகிறோம்.

நான் சிவில் டிப்ளமோ முடித்து ஒப்பந்ததாரர்களிடம் சைட் சூப்பர்வைசராக வேலை பார்த்தவன். ஊராட்சிச் சாலை, சாக்கடை, சிறுபாலம் என்று அளந்து போட்ட வேலைகள் நிறைய. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நம் மக்களுக்கு ஏரிக்கரை ஓரத்திலும் ஓடைப் புறம்போக்கிலும்தான் மனை ஒதுக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் இன்று நம் வீடுகளுக்குள் நிற்கும் தண்ணீருக்கு அந்தப் பழைய பள்ளம் மட்டும் காரணமில்லை. அண்மைக் காலத்தில் ஜல்லியும் சிமெண்டும் கொட்டி உண்டாக்கிய பள்ளமும் இருக்கிறது.

அது எப்படி உண்டாகிறது? பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் உயர்கிறது. மாடி வீட்டுக்காரர் வாசலை உயர்த்திக்கொள்வார். தொகுப்பு வீட்டுக்காரர் என்ன செய்வார்? மூன்று முறை சாலை போட்டால் அவர் வீட்டு நிலைப்படி சாலைக்குக் கீழே போய்விடும். பழைய மேல்தளத்தைச் சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அந்த அறிவுரை உங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்ததா என்று நிலைப்படியைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது, சாக்கடைக்கு மேல் வாசலுக்கு வழி விடும் இடம். ஊர்த்தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பைக்கும் காரும் ஏற, சாக்கடைக்குள் தமக்குத் தோன்றிய அளவில் ஒரு குழாயைப் போட்டு மேலே காங்கிரீட் கொட்டிவிடுகிறார். ஒருவர் ஒரு அடிக் குழாய் போடுகிறார், அடுத்தவர் அரை அடிக் குழாய் போடுகிறார். விட்டம் பாதியானால் தண்ணீரும் பாதி போகும் என்று நினைக்காதீர்கள். அதே வாட்டத்தில் ஒரு அடிக் குழாய் கொண்டுபோகும் தண்ணீரில் ஆறில் ஒரு பங்கைக்கூட அரை அடிக் குழாய் கொண்டுபோகாது. தெருவில் ஒரே ஒரு வாசலில் குழாய் சிறுத்தால் போதும், அதற்கு மேலே உள்ள சாக்கடை முழுவதும் நிரம்பி வழியும். நம் தெருக்களிலோ பல இடங்களில் சாக்கடையே கிடையாது. உடைந்த சிமெண்ட் கம்பத்தையும் பனைமரத் துண்டையும் போட்டுத் தாண்டிப் போகிறோம்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஊர்ச் சாக்கடை கடைசியில் எங்கே முடிகிறது? நான் வேலை பார்த்த ஓர் ஊராட்சியில் ஊர்த்தெருவின் இருபக்கமும் அழகாகச் சாக்கடை கட்டினோம். தார்ச் சாலைக்கு அடியில் சிமெண்ட் குழாய் பதித்து ஒரு சிறுபாலமும் திட்டத்தில் இருந்தது. குழாயின் மறுமுனை திறந்தது சேரியின் முதல் வீட்டுக்கு எதிரே. அங்கிருந்து ஓடை வரை கால்வாய்க்கு மதிப்பீட்டில் இடமே இல்லை. கேட்டபோது பொறுப்பில் இருந்தவர் சொன்ன பதில், “தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும் தம்பி.”

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும், மறுக்கவில்லை. ஆனால் அதன் கடைசிப் பள்ளம் ஓடை, சேரி அல்ல. சேரிக்கும் ஓடைக்கும் நடுவே இருப்பது ஊர்க்காரர்களின் பட்டா நிலம். அதன் வழியாகக் கால்வாய் வெட்ட அவர்கள் சம்மதிப்பதில்லை. பழைய வாய்க்கால் இருந்த இடத்தை உழுது வயலோடு சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. அதை அளந்து மீட்கச் சொல்லும் துணிச்சல் ஊராட்சிக்கும் இல்லை, வருவாய்த் துறைக்கும் இல்லை. ஆக, நிலம் வைத்திருப்பவரின் ஒரு மறுப்புக்காக முழு ஊரின் கழிவுநீரும் நிலமில்லாதவரின் வாசலில் நின்றுவிடுகிறது.

சாதி இங்கே யாரையும் திட்டுவதில்லை, அடிப்பதில்லை. ஒரு வரைபடத்தில் கோடு முடியும் இடமாக வேலை செய்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(பி) பிரிவு, நம் வீட்டு வாசலில் கழிவுநீரைக் கொட்டுவதைக் குற்றம் என்கிறது. குடத்தில் அள்ளிக் கொட்டினால் அது குற்றம் என்று எல்லோருக்கும் புரிகிறது. குழாய் வைத்துக் கொட்டினால் வளர்ச்சிப் பணி என்று கல்வெட்டு வைக்கிறார்கள். எந்த ஊர் நிலவரம் வழக்காக நிற்கும் என்பது அங்கங்கே உள்ள ஆதாரத்தைப் பொறுத்தது. ஆனால் ‘இது வெறும் பொறியியல் விஷயம்’ என்ற பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் எல்பா நகரை ஒட்டி ஷைலோ என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருக்கிறது. 84ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்தி உயர்த்திய பின், சாலையின் மழைநீர் தங்கள் வீடுகளுக்குள் வருகிறது என்று 2018 முதல் அந்த மக்கள் சொல்லிவந்தார்கள். அவர்கள் அதை வடிகால் புகாராக மட்டும் எழுதவில்லை. இனப் பாகுபாடு என்று எழுதினார்கள். அதனால்தான் ஒன்றிய நெடுஞ்சாலை நிர்வாகம் அதைக் குடிமை உரிமைப் பிரச்சினையாக விசாரித்தது. 2024இல் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சரே நேரில் வந்தார். அவர்களுக்கு முழு நீதி கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரச்சினைக்கு அதன் உண்மையான பெயரை வைத்ததால்தான் விசாரணை நடந்தது.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. சின்னக் குழாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? திறக்க முடியாதபடி காங்கிரீட் கொட்டிய வாசலுக்கு அடியில் கையை விட்டுச் சேற்றை அள்ளுபவர் யார்? மலக்குழி மரணங்களைப் பற்றி நாம் பேசுகிறோம், பேச வேண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் அந்த மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மலக்குழியோடு நிற்கவில்லை. சுகாதாரமற்ற கழிப்பறையின் மலம் வந்து சேரும் திறந்த சாக்கடையைக் கையால் சுத்தம் செய்வதையும் அது கையால் மலம் அள்ளுதல் என்றே சொல்கிறது. கழற்ற முடியாத சிலாப்பும் சிறுத்த குழாயும் போடும்போதே, பின்னால் ஒரு தூய்மைப் பணியாளர் குனிய வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறார்கள். கழிவை வாசலில் வாங்கிக்கொள்பவர்களும், அதை அள்ள அழைக்கப்படுபவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

படித்த இளைஞர்களான நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சாலைப் பணி தொடங்கும் முன்பே மதிப்பீட்டையும் வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குழாயின் விட்டம், சிறுபாலங்களின் எண்ணிக்கை, கால்வாய் முடியும் இடம் மூன்றையும் பாருங்கள். ‘ஓடை வரை’ என்று எழுதியிருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபே மட்டம் பார்க்கப் போதும். சாலையின் மட்டத்தையும் நம் நிலைப்படியின் மட்டத்தையும் குறித்துத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சாக்கடைக்குப் போதுமான வாட்டம் இருக்கிறதா, வாசல் குழாய்கள் எல்லாம் ஒரே அளவா, சிலாப்புகளைத் தூக்கித் திறக்க முடியுமா என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அவற்றில் ஒன்று. அன்று குடிநீரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். கழிவுநீர் எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது, பொதுத் தண்ணீர் நமக்கும் உரியது என்று நிலைநாட்ட. நல்ல தண்ணீரில் பங்கு கேட்பது அந்த உரிமையின் ஒரு பாதி. அடுத்தவர் கழிவை நம் வாசலில் ஏற்க மறுப்பது மறுபாதி. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025இல் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்போம். அந்தப் பெயரைச் சுமந்த தெருக்களில் வந்து முடியும் குழாய்களையும் ஓடை வரை கொண்டுபோகச் சொல்வோம்.