கிணற்றடியில் ஒரு பாடம்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. இதனை வகுப்பிலே விளக்கியுரைக்கும் ஆசிரியருள் எத்தனை பேர் மாணாக்கரைச் சுரைக்கொடியண்டை அழைத்துச் சென்றிருப்போம்? இவ்வினாவை முதலில் என்னை நோக்கியே கேட்டுக்கொள்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணாக்கர் சிலரை நிலாவரைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்றேன். இராமபிரான் அம்பெய்து நீர் வருவித்தார் என்னும் ஐதிகத்தை எடுத்துரைத்து முடித்தேன். அப்பொழுது ஒருவன், “மேலே நல்ல தண்ணி, ஆழத்திலே உப்புத் தண்ணி எண்டால், இரண்டும் ஏன் சேர் கலக்கேல்லை?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. “நேரமாகிவிட்டது, பஸ்ஸில் ஏறுங்கள்” என்றேன்.

அன்றிரவு நூல்களைப் புரட்டி விடை கண்டேன். நமது குடாநாடு சுண்ணக்கற்பாறையின்மீது அமைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. மாரிமழை பாறை வெடிப்புக்களூடே இறங்கி, நிலத்தடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் பாரங் குறைந்தது. உவர்நீர் பாரங் கூடியது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே சிறிது குறையினும் கீழே உப்பு வெகுவாக ஏறும். எனவே இது வெறும் பூமிசாத்திரப் பாடமன்று. நம் வீட்டுக் கிணறுகளின் வாழ்வே இதில் அடங்கியிருக்கின்றது.

அவ்விடத்திலேயே இதனைச் சொல்ல ஏன் என்னால் இயலவில்லை? எங்கள் தலைமுறையினர் பள்ளிப் பருவத்தில் ‘வெளி’ என்பதை ஷெல்லும் கண்ணிவெடியுமாகவே அறிந்தவர்கள். 1990இன் பின் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று; கீரிமலைக் கேணியும் பலருக்கு எட்டாததாயிற்று. 2009இல் போர் ஓய்ந்தது. ஆயினும் வெளியே சென்று கற்கும் பழக்கம் தானாகத் திரும்பிவிடவில்லை. தாம் பெறாததை ஆசிரியர் எங்ஙனம் கொடுப்பர்?

தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பெயரை அறியாத உயர்தர வகுப்பு மாணாக்கர் இங்கு அரியர். ஆனால் அவர்கள் அறிந்தது அதன் பரீட்சை வினாத்தாள்களையே. அவையும் வேண்டியனவே. எனினும் ‘வெளிக்களம்’ என்னும் சொல்லையும் நாம் மறத்தலாகாது. அவ்வூரிலே நீரேரி கடலோடு கூடுமிடத்தில் ஒரு தடுப்பணை உண்டு. கடல்நீரைத் தடுத்து, மழைநீரால் நீரேரியை நன்னீராக்குவது அதன் நோக்கம். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தோடு தொடர்புடையது அது. அங்கே அரைமணி நேரம் நின்றால் விஞ்ஞானமும் பூமிசாத்திரமும் சரித்திரமும் ஒருங்கே விளங்கும்.

கோப்பாயிலே ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் உள்ளன. உப்பாற்றங்கரையோ தொலைவிலில்லை. ஆசிரியராகப் பயில்வோர் அங்கே மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளல் நன்று. முதலாவது, மாணாக்கரை அழைத்துச் செல்லுமுன் தாம் தனியே சென்று இடத்தைப் பார்த்து, ஆழமும் ஆபத்தும் அறிந்து வருதல். இரண்டாவது, பத்துச் செய்திகளைச் சொல்லாது, பிள்ளைகள் தாமே பார்த்து விடை காணத்தக்க ஒரு வினாவைக் கொடுத்தல். மூன்றாவதே கடினமானது: “எனக்குத் தெரியாது, தேடிப் பார்ப்போம்” என்று கூசாமற் சொல்லுதல்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லும் ஆசிரியரிடம், பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று தவறாது கேளுங்கள். ஆனால் “பாடம் வீணாகிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மறுவாரம் அம்மாணவனை அழைத்து விடையைக் கூறினேன். அவன் சற்றே யோசித்து, “அப்ப எங்கட வீட்டுக் கிணறு, சேர்?” என்றான். அன்று மாலை இருவரும் அவன் வீட்டுக் கிணற்றடிக்குச் சென்றோம். இம்முறை நான் நேரத்தைப் பார்க்கவில்லை.